அவர் கேட்டா எடுத்தார்?



ஆண்டு மலர் என்றால் அன்னையைப் பற்றி இரண்டு கவிதை, ஆசிரியரைப் பற்றி ஒரு கவிதை, காதலைப் பற்றி (பெயர் போடாமல்) நான்கு கவிதை, மிச்ச இடத்தில் ‘உங்களுக்குத் தெரியுமா?’ துணுக்குகள் என்பது நம் வழக்கம். இவற்றுக்கு நடுவே ஒரு சண்டையைக் கொண்டு வந்து போடுவது நாகரிகம்தானா என்று கேட்பீர்கள். ஆறு மாதமாக நம் கேண்டீனிலும் ஹாஸ்டல் மொட்டை மாடியிலும் நடந்து கொண்டிருக்கிற சண்டைதான் இது. நான் புதிதாக எதையும் மூட்டி விடவில்லை. கேமரா உள்ளவர்கள் விவகாரம் என்று ஒதுங்கவும் வேண்டாம். செல்போன் இல்லாதவர் நம்மில் யார்?

விஷயம் இதுதான். நம் புகைப்படக் குழு சென்ற ஆகஸ்டில் நடத்திய தெருப் புகைப்பட நடை இனியும் நடக்க வேண்டுமா, வேண்டாமா? “வேண்டவே வேண்டாம், ஏழை பாழைகளைப் படம் பிடித்துப் போட்டு லைக் வாங்குகிற வேலை இது” என்கிறது ஒரு கட்சி. “ஹென்றி கார்ட்டியர் பிரஸ்ஸோன் ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்க் கேட்டுக்கிட்டா எடுத்தாரு? கேட்டிருந்தா அந்தப் படமெல்லாம் உலகத்துக்குக் கிடைச்சிருக்குமா?” என்கிறது எதிர்க்கட்சி. நான் இரண்டிலும் இல்லை. நடை தொடர வேண்டும், ஆனால் நாம் நடத்திய விதத்தில் அல்ல என்பது என் கட்சி. இப்போதைக்கு அதில் உறுப்பினர் நான் ஒருவன்தான். இந்தக் கட்டுரை ஆள் சேர்க்கத்தான்!

முதலாண்டுத் தம்பி தங்கைகளுக்காக இந்த பிரஸ்ஸோன் யார் என்று கொஞ்சம் சொல்லி விடுகிறேன். பிரான்ஸ் நாட்டில் 1908 ஆகஸ்ட் 22-இல் பிறந்து 2004-இல் மறைந்தவர். தெருவில் நடக்கிற சாதாரண வாழ்க்கையைச் சின்னக் கேமராவில் பிடித்து, அதுவும் கலைதான் என்று உலகை ஒப்புக்கொள்ள வைத்தவர்களில் தலையாயவர். 1947-இல் ராபர்ட் காப்பா முதலிய நண்பர்களோடு சேர்ந்து ‘மேக்னம்’ என்ற புகைப்படக் கலைஞர்களின் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார். அதே வருடம் இந்தியா வந்தார். 1948 ஜனவரி 30 அன்று டில்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகளைப் பார்த்து, தம் கண்காட்சிப் புத்தகத்தைக் காட்டிவிட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் காந்தி சுடப்பட்டார். அந்த இரவையும் அதன் பின் நடந்த இறுதி ஊர்வலத்தையும் அவர் எடுத்த படங்களை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். எடுத்தவர் பெயர்தான் தெரிந்திருக்காது.

தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறார். 1950 ஏப்ரலில், ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்தார். 14-ஆம் தேதி இரவு 8.47-க்கு மகரிஷி மறைந்த நேரத்தில் வானில் ஓர் ஒளி மலையை நோக்கிப் போனதைக் கண்டதாகச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். அதே வருடம் நம் மதுரைத் தெருவிலும் நடந்திருக்கிறார். விலா எலும்பை எண்ணிவிடலாம் போல ஒரு குழந்தை, அதன் தாய், பின்னால் ஒரு சக்கரம். படத்துக்கு அடியில் மதுரை, 1950. எங்கள் குழுவுக்கு இந்த நடை பற்றிய யோசனை வந்ததே அந்தப் படத்தைப் பார்த்துத்தான். அவர் நடந்த ஊரில் அவர் பிறந்த நாளை ஒட்டி நாமும் நடப்போம் என்று கிளம்பினோம். நல்ல எண்ணம். அதில் இன்றும் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவருடைய வேலை முறையைப் பற்றி நம் குழுவில் எல்லாருக்கும் மனப்பாடம். லைக்கா கேமரா, பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றே ஒன்று. ஃபிளாஷ் கிடையாது. கேமராவின் பளபளப்பான பாகங்கள் கண்ணில் படாமலிருக்கக் கறுப்பு டேப் ஒட்டிக் கொள்வார். எடுத்த படத்தை வெட்டிச் சரி செய்ய மாட்டார். நம் நண்பர் ஒருவர் பக்தி மிகுதியால் செல்போனில் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

ஆனால் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் யாரும் மனப்பாடம் செய்யவில்லை. தெருவில் அவர் தனி ஆளாகத்தான் வேலை பார்த்தார்.

நாங்கள் போனது 23 பேர். சனிக்கிழமை காலை ஆறரைக்கு விளக்குத்தூண் பக்கம் கூடி, அங்கிருந்து கீழ மாசி வீதிப் பக்கம் நடந்தோம். கேமரா நான்கு, மற்றதெல்லாம் செல்போன். பட்டியல் பிடிப்பது, யாரும் பிரிந்து போகாமல் பார்த்துக் கொள்வது என் பொறுப்பு. ஆகவே நான் படம் எடுத்ததைவிடப் படம் எடுப்பவர்களைப் பார்த்ததுதான் அதிகம். அதுவும் ஒரு படிப்புத்தான்.

முதலில் தமாஷை முடித்து விடுகிறேன். பிரஸ்ஸோனின் புகழ் பெற்ற படம் ஒன்று, 1932-இல் பாரிஸ் சென்-லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் எடுத்தது. தேங்கிய தண்ணீரைத் தாண்டி ஒருவர் குதிக்கிறார். குதிகால் தண்ணீரைத் தொட இன்னும் ஒரு விரற்கடை இருக்கிறது. வேலிப் பலகை இடுக்கு வழியாகப் பார்த்துச் சொடுக்கியது அது. (வெட்டவே மாட்டேன் என்றவர் வெட்டிய அபூர்வப் படங்களில் அதுவும் ஒன்று என்பது வேறு கதை.) நம்மவர்கள் என்ன செய்தார்கள்? முந்தின நாள் மழைக்குத் தேங்கிய சாக்கடைத் தண்ணீரைக் கண்டதும் ஒரு ஜூனியரைப் பிடித்துத் தாண்ட விட்டார்கள். பதினான்கு தடவை! பதினைந்தாவது தடவை விழுந்தே விட்டான். அவனுக்குப் பேன்ட் போனதுதான் மிச்சம், படம் ஒன்றும் தேறவில்லை.

அடுத்து நடந்தது தமாஷ் இல்லை. நடைபாதையில் பூக்கட்டிக் கொண்டிருந்த ஓர் அம்மாவை ஒருவன் எடுத்தான். அவன் எடுப்பதைப் பார்த்து இன்னொருவன். பிறகு நாலு பேர். பிறகு ஏறக்குறைய மொத்தக் கும்பலும் அரை வட்டமாக நின்றது. ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அம்மா நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “ஏம்ப்பா, நான் என்ன செத்தா கெடக்கேன், இப்பிடிச் சுத்தி நிக்கிறீக?” சொல்லிவிட்டு முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த மூடுகிற நொடியில் ஏழெட்டு ஷட்டர் ஒன்றாகச் சத்தம் போட்டது. ‘தீர்மானமான தருணம்’ வந்துவிட்டதாம்! அன்று ராத்திரி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதிகம் இதயம் வாங்கியதும் அந்த முந்தானைப் படம்தான்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம், டிப்ளமோ மாணவர்கள்தானே நாம். 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு சட்டம் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். ஏறக்குறைய ஐந்தரை அடி, அதாவது 1650 மி.மீ. உயரமுள்ள ஒருவர் தலை முதல் கால் வரை அந்த 24 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். லென்ஸ் 50 மி.மீ. வடிவொத்த முக்கோணம் போட்டால் 1650-ஐ 24-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்க வேண்டும். விடை சுமார் 3440 மி.மீ. ஆக, கிடைமட்டமாகப் பிடித்து ஒருவரை முழுசாக எடுக்க பிரஸ்ஸோன் மூன்றரை மீட்டர் தூரத்தில் நின்றாக வேண்டும். நம்ம வொர்க்‌ஷாப்பில் ஒரு லேத்துக்கும் அடுத்த லேத்துக்கும் நடுவே நிற்கிற மாதிரிதான். அந்தத் தூரத்தில் நிற்பவனை எதிரில் இருப்பவர் பார்க்க முடியும், முறைக்க முடியும், திட்ட முடியும், எழுந்து போகவும் முடியும்.

இப்போது அதே கணக்கில் 200 மி.மீ. ஜூம் போட்டுப் பாருங்கள். பதினான்கு மீட்டர் வருகிறது. தெருவின் எதிர்ச்சாரியில் கடை நிழலில் ஒளிந்து நின்று எடுக்கலாம். எடுக்கப்பட்டவருக்கு அது தெரியவே தெரியாது. செல்போனின் பிரதான லென்ஸோ இந்தக் கணக்குக்குச் சுமார் 26 மி.மீ. ஒன்றே முக்கால் மீட்டர்தான் வரும். அது பேச்சுவார்த்தைத் தூரம், நண்பர்களே! அவ்வளவு பக்கத்தில் ஒருவர் முன்னால் போய் நின்றுகொண்டு வாயைத் திறக்காமல் இருப்பது எந்த ஊரிலும் மரியாதை ஆகாது, மதுரையில் நிச்சயமாக ஆகாது. ஜூம் வைத்திருந்தவர்கள் ஒளிந்து எடுத்தார்கள், செல்போன்காரர்கள் மேலே விழுந்து எடுத்தார்கள். அந்த மூன்றரை மீட்டர் நாணயம் இரண்டு தரப்பிலும் இல்லை.

ஜூமில் எடுத்த படங்களில் ஒன்றுதான் இத்தனை சண்டைக்கும் காரணம். கீழ மாசி வீதி மொத்தக் கடைகளுக்கு மூட்டை இறக்குகிற ஒருவர். தலையில் சும்மாடு, முதுகில் மூட்டை, கையில் கொக்கி, நெற்றியில் வியர்வை. சாய்வாக விழுகிற காலை வெயில். எடுத்த நண்பர் திறமைசாலி, படம் பிரமாதம், அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. கல்லூரிக் கண்காட்சியில் பெரிய பிரிண்டாகப் போட்டு மாட்டினார்கள். கீழே கொட்டை எழுத்தில் தலைப்பு: ‘வறுமையின் பாரம்’. இரண்டாம் பரிசும் கிடைத்தது.

கண்காட்சிக்கு வந்த இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் அந்தப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். அங்கே ஒன்றும் பேசவில்லை. சாயந்திரம் ஹாஸ்டலில் பேசினான்.

“எங்கப்பாடா அது. முப்பது வருஷமா மூட்டை தூக்குறாரு. அந்தத் தூக்குலதான் அக்கா கல்யாணம் நடந்துச்சு, என் ஃபீஸ் கட்டுறாரு, ஊர்ல ரெண்டு ரூம் ஒட்டுக் கட்டடம் கட்டியிருக்காரு. வறுமைன்னு எவன்டா சொன்னது? கேட்டுட்டு எழுதுனீங்களா?”

யாரிடமும் பதில் இல்லை. எடுத்த நண்பர் அன்று இரவே வார்டனிடம் சாவி வாங்கிப் போய்ப் படத்தைக் கழற்றி வந்தார். அவர் கெட்டவர் இல்லை. யாருடைய அப்பா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் நம் கல்லூரியில் யாருடைய அப்பாவாகவும் இருக்கலாமே! நம்மில் பாதிப் பேர் வீட்டில் கொத்தனார், லேத் ஆபரேட்டர், ஆட்டோ டிரைவர், சலவைக்காரர், லோடுமேன். தெருவில் நாம் யாரை எடுத்தாலும் நம் வீட்டு ஆளைத்தான் எடுக்கிறோம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் நம் தெருவைப் பார்த்து ஆச்சரியப்படலாம், பரிதாபப்படலாம். நமக்கு அந்த வசதி கிடையாது.

இனி அந்தப் பிரதான வாதத்துக்கு வருகிறேன். “அவர் கேட்டா எடுத்தார்?” இல்லை, பெரும்பாலும் கேட்கவில்லைதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் பெயரைச் சொல்லி வாதாடுகிறவர்கள் அவரைப் பாதியில் நிறுத்திக் கொள்கிறார்கள் என்பது என் தாழ்மையான கருத்து.

படத்தை ஓரம் வெட்டக் கூடாது என்பதில் அவர் எவ்வளவு கறாரோ அவ்வளவு கறார், படத்தின் அடியில் போடும் குறிப்பைப் பத்திரிகைகள் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்பதிலும். அவர் படக் குறிப்புகளைப் பாருங்கள். ஊர், வருடம், தேவையானால் என்ன நடக்கிறது என்று ஒரு வரி. ‘ஏக்கம்’, ‘முதுமை’, ‘கண்ணீரின் கதை’ என்றெல்லாம் இருக்காது. அந்த மதுரைப் படத்துக்குக்கூட ‘வறுமை’ என்று தலைப்பு இல்லை. நம் கண்காட்சியில் 40 படம் இருந்தன என்றால் முப்பதுக்கு மேல் இந்த மாதிரி ஒற்றைச் சொல் தலைப்புகள்தான். படத்தில் இருப்பவரின் பெயர் ஒன்றிலாவது உண்டா? தேடினேன், இல்லை. எடுத்தவரின் பெயர் மட்டும் துறையோடு, ரோல் நம்பரோடு இருந்தது!

அடுத்து அந்தப் புகழ் பெற்ற சொல். 1952-இல் வந்த அவருடைய புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்புக்குத்தான் ‘தி டிசிசிவ் மொமென்ட்’ என்று பெயர். பிரெஞ்சுப் பதிப்பின் பெயர் ‘இமாஜ் அ லா சொவெத்’. அவசரமாக, திருட்டுத்தனமாக எடுத்த படங்கள் என்று பொருள் சொல்லலாம். லைசென்ஸ் இல்லாமல் தெருவில் கடை விரித்துவிட்டு, போலீஸ் தலை தெரிந்ததும் துணியோடு சுருட்டிக்கொண்டு ஓடுகிற வியாபாரியைச் சொல்லும்போது பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சொற்களைப் பயன்படுத்துகிறார்கள். நம்ம ஊர் பிளாட்பாரக் கடைக்காரர் மாநகராட்சி வண்டியைக் கண்டதும் செய்வாரே, அதேதான். ஆங்கிலத் தலைப்பில் ஒரு வீரம் இருக்கிறது. பிரெஞ்சுத் தலைப்பில் ‘அனுமதி இல்லாமல்தான் செய்கிறேன், எந்த நேரமும் விரட்டப்படலாம்’ என்கிற உறுத்தல் இருக்கிறது. நாம் வீரத்தை மட்டும் இறக்குமதி செய்து கொண்டோம்.

இன்னொன்றையும் கேளுங்கள். ஊர் ஊராகப் போய் அந்நியர்களைப் படம் எடுத்த அந்த மனிதருக்குத் தம்மை யாராவது படம் எடுத்தால் பிடிக்கவே பிடிக்காது. 1975-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தபோது, படம் எடுக்க வந்தவர்கள் முன்னால் ஒரு காகிதத்தைத் தூக்கித் தம் முகத்தை மறைத்துக் கொண்டார். முகம் ஊருக்குத் தெரிந்துவிட்டால் தெருவில் யாரும் அறியாமல் வேலை செய்ய முடியாது என்பது அவர் பக்க நியாயம். இருக்கட்டும். அந்தக் காகிதத்துக்கும் நம் பூக்கார அம்மாவின் முந்தானைக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு யாராவது விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன். அவர் மறைத்தால் மேதையின் கூச்சம், அந்த அம்மா மறைத்தால் அது ‘ஷாட்’. இது என்ன நியாயம்?

மதுரைப் படத்தை அவர் எடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டால், எடுத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். சுதந்திரம் வந்து மூன்றாவது வருடத்தில் இந்தத் தெருக்களில் பசி எப்படி இருந்தது என்பதற்கு அது சாட்சி. அதைப் பார்த்தால் இன்றும் சாப்பாட்டில் கை வைக்க முடிவதில்லை. ஆனாலும் அந்தத் தாயின் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லையே என்ற எண்ணமும் கூடவே வருகிறது. இரண்டும் ஒரே மனதில் இருக்கலாம், தப்பில்லை. ஒரு வித்தியாசத்தை மட்டும் மறந்துவிடக் கூடாது. அன்று அந்தப் படத்துக்கும் அந்தத் தாய்க்கும் நடுவில் கடல் இருந்தது. எந்த நாட்டுப் பத்திரிகையில் எந்தப் பக்கத்தில் வந்தாலும் அவர் பார்க்கப் போவதில்லை. இன்று நடுவில் இருப்பது ஒரு வாட்ஸ்அப் குரூப். காலையில் எடுத்த படம் மத்தியானத்துக்குள் அவர் பிள்ளையின் கைக்கு வந்துவிடுகிறது, நாம் வைத்த தலைப்போடு. 1950-இன் வழக்கத்தை அப்படியே இன்றைக்குப் பொருத்துவது, 220 வோல்ட் மோட்டாரை 440-இல் மாட்டுகிற மாதிரி.

சட்டத்தைக் கேட்பவர்களுக்கு: பொது இடத்தில் படம் எடுப்பதைப் பொத்தாம் பொதுவாகத் தடுக்கிற சட்டம் இங்கே இல்லை. ஆனால் அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நான் வக்கீல் இல்லை, இதற்கு மேல் பேசவில்லை. நம் விவகாரம் கோர்ட்டுக்குப் போகிற விவகாரமும் இல்லை.

“கேட்டா போஸ் கொடுத்துருவாங்க மாப்ள, நேச்சுரலா இருக்காது” என்பது கடைசியாக வருகிற ஆட்சேபம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கொஞ்சம்தான். லேத்தில் நாம் வேலை செய்யும்போது சார் பின்னால் வந்து நின்றால் என்ன ஆகிறது? முதல் இரண்டு நிமிடம் கை நடுங்கும், டூலை எங்கே வைக்கிறோம் என்றே தெரியாது. சார் நகராமல் அங்கேயே நின்றால்? ஐந்தாவது நிமிடத்தில் வேலை நம்மை இழுத்துக் கொள்ளும், சார் இருப்பதே மறந்து போகும். தெருவில் வேலை செய்கிறவருக்கும் அதே கதைதான். கேட்ட உடனே சொடுக்கினால் போஸ்தான் கிடைக்கும். கேட்டுவிட்டு நிற்க வேண்டும்.

அன்று நின்றவர்களும் இருந்தார்கள். கும்பலோடு வராமல் பின்தங்கிய இரண்டு இ.சி.இ. மாணவிகள். (பட்டியல் பிடித்த எனக்கு அவர்களைத் தேடுவதே வேலையாகிப் போனது.) சைக்கிளில் சாணைக்கல் பூட்டிக் கத்தி தீட்டுகிற ஒருவரிடம், “அண்ணே, நாங்க பாலிடெக்னிக் படிக்கிறோம், நீங்க வேலை பாக்குறதைப் படம் எடுத்துக்கவா?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர் உடனே சட்டைப் பித்தானைப் போட்டு, தலையைச் சீவி, சைக்கிள் பக்கத்தில் விறைப்பாக நின்றிருக்கிறார். இவர்களும் ஒன்று எடுத்துக்கொண்டு, போகாமல் பேசிக்கொண்டே நின்றிருக்கிறார்கள். கல் எங்கே வாங்குவது, எத்தனை மாதம் உழைக்கும், இப்போதெல்லாம் யார் தீட்டக் கொடுக்கிறார்கள் என்று. ஒரு அக்கா அரிவாள்மனையோடு வந்ததும் மனிதர் பெடலை மிதிக்க ஆரம்பித்து விட்டார். பொறி பறக்கிறது, முகம் முழுக்க வேலையில். “கண்ணுல படும், தள்ளி நில்லுங்க பாப்பா” என்றது மட்டும்தான் அதன் பிறகு அவர் பேசியது. அன்றைய நடையில் எனக்குப் பிடித்த படம் அதுதான். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை, தலைப்பு சரியில்லையாம். ‘சாணை பிடிப்பவர், கீழ மாசி வீதி’ என்றுதான் எழுதியிருந்தார்கள்.

அடுத்த வாரம் பிரிண்ட் போட்டுக் கொண்டு போய்க் கொடுத்தார்கள், நானும் கூடப் போனேன். பொறி பறக்கிற படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல மூஞ்சியே சரியாத் தெரியலையேம்மா” என்றார். விறைப்பாக நின்ற படம்தான் அவருக்குப் பிடித்தது. அதைச் சைக்கிள் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிக் கொண்டார். நியாயம்தானே! போஸ் கொடுத்த படம் அவருக்கு, பொறி பறந்த படம் நமக்கு. போஸ் என்றாலே மட்டம் என்று நினைப்பவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். 23 பேர் ஊர்வலம் வேண்டாம். இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, ஆளுக்கொரு தெரு. ஒரு தெருவிலேயே ஒரு மணி நேரம் நிற்பது, அடுத்த தெருவுக்கு ஓடக் கூடாது. ஜூம் லென்ஸ் ஹாஸ்டல் பெட்டியிலேயே தூங்கட்டும். முன்னால் கேட்க முடியாத நொடி ஒன்று வரும், அது எனக்கும் தெரியும். வந்தால் எடுங்கள், எடுத்த கையோடு போய்ப் பேசுங்கள், படத்தைக் காட்டுங்கள். ‘வேண்டாம்’ என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றவரைக் கேட்காமல் கேமராவைத் தூக்கவே கூடாது. யாராவது முகத்தை மூடினால் அது பதில். அதையும் படம் எடுக்க வேண்டியதில்லை.

கண்காட்சியில் தலைப்புக்குப் பதில் பெயர் போடுவோம், அவர் சொல்லச் சம்மதித்தால். இல்லையென்றால் வேலை, தெரு, தேதி போதும். நடை முடிந்த அடுத்த வாரம் இன்னொரு நடை, பிரிண்டுகளைத் திருப்பிக் கொடுக்க. 4க்கு 6 பிரிண்ட் ஒன்றுக்கு ஆகும் செலவை, நாம் அன்று குடித்த டீ, தின்ற வடைக் கணக்கோடு வைத்துப் பார்த்தேன். வடைக் கணக்குதான் பெரிசு! பூக்கார அம்மாவுக்குக் கொடுக்க மட்டும் எங்கள் 23 பேரிடமும் ஒரு படம்கூடத் தேறவில்லை. எல்லாவற்றிலும் முந்தானைதான் இருக்கிறது.

அந்த இரண்டாமாண்டுத் தம்பியிடம், உங்கப்பா என்ன சொன்னார் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். படத்தைக் காட்டினானாம். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “மூட்டை நல்லா நேரா உக்காந்துருக்கு பாரு” என்றாராம். தலைப்பைக் காட்டவில்லையாம்.

பிரிண்ட் செலவைப் பேரவை நிதியிலிருந்து ஏற்க வேண்டும் என்று மாணவர் பேரவைச் செயலாளரிடம் மனு கொடுத்திருக்கிறேன். ‘பார்க்கலாம்’ என்றிருக்கிறார். பார்க்கலாம் என்றால் நம் கல்லூரியில் என்ன அர்த்தம் என்று மூன்றாமாண்டு மாணவர்களுக்குத் தெரியும், ஆகவே உங்கள் கையெழுத்தும் சேர்ந்தால் நல்லது. வருகிற ஆகஸ்ட் 22-ஐ ஒட்டிய சனிக்கிழமை, அதே விளக்குத்தூண், அதே ஆறரை மணி. எட்டு ஜோடிக்கு மட்டும் இடம். நூலகத்துக்கு வெளியே உள்ள நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியிருக்கிறது. பெயரோடு, நிற்க விரும்பும் தெருவையும் எழுதுங்கள். கீழ மாசி வீதிக்கு ஏற்கெனவே ஆள் வந்தாயிற்று. தன் கூட்டாளியாக, ‘வறுமையின் பாரம்’ எடுத்த நண்பரின் பெயரையே எழுதி வைத்திருக்கிறான் அந்த இரண்டாமாண்டுத் தம்பி.